தம்பியின் கொப்பி

மூக்கின் பக்கத்தில் சுட்டுவிரலை வைத்து ஒருதரம் திருகினால் அம்மா. அவளுடைய மூக்குத்தி. உச்சந்தலையில் உள்ளங்கையைக் கவிழ்த்தால் அப்பா. மழை நாளில் அவர் உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போவார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் சொக்ஸை இழுத்து விடுவதுபோலக் காட்டினால் துரை. கக்கத்தில் எதையோ இடுக்கினால் கங்காணி. பெருவிரலை உள்ளங்கையில் அழுத்தினால் சம்பளம். அம்மாயி கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய காலத்தில் தம்பி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறான். அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருசமாகிவிட்டது. சம்பளத்துக்கு அவன் கையில் இன்னமும் அதுதான் வார்த்தை.

என்னைச் சொல்ல வேண்டுமென்றால், தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சடையை எடுத்து முன்னுக்குப் போடுவான்.

தம்பிக்குக் காது கேட்காது. 1990 இல், இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேற்பிரிவான மேக்கணக்கின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தான். நான் அவனுக்கு நாலு வயது மூத்தவள். மேலே சொன்ன மொழி எங்கள் காம்பராவுக்குள்ளேயே உண்டானது, யாரும் சொல்லித் தந்ததல்ல. அதைத் தடங்கலில்லாமல் பேசத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: அம்மா, நான், அவன். அப்பாவுக்கு அரைகுறையாகத் தெரியும். 2012 இல் எனக்குக் கல்யாணம் பேசி முடித்து, பண்டாரவளைப் பக்கம் போகவேண்டும் என்று ஆனபோது, அந்த மூன்று இரண்டாகிவிடுமே என்ற நினைப்புத்தான் ராத்திரியில் என்னைத் தூங்க விடவில்லை.

அதற்காகத்தான் கொப்பி எழுதினேன். ஹட்டனில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, இடது பக்கத்தில் கையின் படமும் வலது பக்கத்தில் விளக்கமும். எனக்குப் படம் வரைய வராது. பக்கத்துக் காம்பராவில் ஓ.எல். படித்த பிள்ளை வரைந்து தந்தாள். நூற்றுச் சொச்சம் சைகை தேறியது. கடைசிப் பக்கங்களில் சைகை இல்லை, அவனோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை எழுதினேன். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி நில்லுங்கள். கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுங்கள், பின்னாலிருந்து சட்டையை இழுக்காதீர்கள், பயந்துவிடுவான். தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பத்துப் பேருக்கு முன்னால் விளங்கவில்லை என்று காட்ட அவனுக்குக் கூச்சம். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நேரத்தை விரலால் கேட்காதீர்கள், மணிக்கூட்டைக் காட்டுங்கள்.

பேச்சுச் சிகிச்சையாளர்கள் இப்படியொன்றைச் செய்துகொடுப்பதுண்டு, அதற்குத் தொடர்பாடல் கடவுச்சீட்டு என்று ஒரு பெயரே இருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பல வருசம் கழித்துத்தான் தெரியவந்தது.

தம்பிக்குக் காது கேட்காது என்பதை முதலில் கண்டுபிடித்தது அம்மாயி. "ஆம்பளப் புள்ள, பேச்சு மெதுவாத்தான் வரும்" என்று லயமே அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் ஒன்றைக் கவனித்தாள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சங்கு ஊதினால் லயத்து நாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். அந்தச் சத்தத்தில் பிள்ளை புரண்டுகூடப் படுப்பதில்லை. "அடியே, இவனுக்குச் சங்கு கேக்கல" என்று அவள் சொன்னபோது தம்பிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அதற்குப் பிறகு தோட்ட ஆஸ்பத்திரி, அங்கே மருந்தையா எழுதித் தந்த துண்டு, ஹட்டன், அங்கிருந்து கண்டி. ஒவ்வொரு பயணத்துக்கும் அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், சில சமயம் அப்பாவுக்கும். முடிவாகச் சொன்னபோது அவனுக்கு நாலரை வயது. இன்றைக்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு 1, 3, 6: பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைப் பரிசோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும். ஒரு குழந்தையின் மூளை மொழியைப் பிடித்துக்கொள்கிற காலம் அது. கேட்கிற மொழியோ கையால் பேசுகிற மொழியோ, ஏதாவது ஒன்று முழுசாக அந்த வயதில் கிடைத்தாக வேண்டும். தம்பிக்கு அந்த வயதில் கிடைத்தது அம்மாவின் முகம் மட்டும்.

காரணம் என்னவென்று எந்த டொக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. சொந்தத்துக்குள் கட்டினீர்களா என்று கேட்டார்கள். அப்பாவும் அம்மாவும் மாமன் மகள், அத்தை மகன்தான். அதோடு, அவனைச் சுமந்த மூன்றாம் மாதத்தில் மேலெல்லாம் சிவந்து மூன்று நாள் காய்ச்சல் அடித்ததாக அம்மா சொல்வாள். ஜேர்மன் சின்னமுத்து என்கிற ருபெல்லா கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் பிள்ளையின் காது, கண், இதயம் என்று எதையும் தாக்கும். இலங்கையில் பெண்களுக்கு அதற்கான தடுப்பூசி 1996 இல் தொடங்கியது. மறு வருசம் பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி ஊசி போட்டபோது எனக்குப் பதினொரு வயது. வலிக்கிறது என்று அழுதேன். 2020 இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த செய்தியைப் போனில் பார்த்துவிட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லது, இனி எந்தப் புள்ளைக்கும் வராதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

காதுக் கருவி கிடைத்தது. கருவி போட்டால் கேட்டுவிடும் என்று நினைத்த எங்களுக்கு அதைப் பற்றி விளக்கமாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அது சத்தத்தைப் பெரிதாக்குமே தவிர, தெளிவாக்கித் தராது. பிள்ளை வளர வளரக் காதின் அளவு மாறும், காதுக்குள் பொருந்துகிற அச்சைத் திரும்பத் திரும்பப் புதிதாக எடுக்க வேண்டும். அச்சு தளர்ந்தால் கருவி கீச்சென்று விசிலடிக்கும், அந்த விசில் அவனைத் தவிர எல்லோருக்கும் கேட்கும். எங்கள் பக்கத்து மூட்டமும் மழையும் கருவிக்குள் ஈரத்தை இறக்கிவிடும். இரவில் அதைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும் என்று இப்போது நான் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். இரண்டாவது மழைக்காலத்தோடு அது நின்றுபோனது.

பள்ளிக்கூடமும் இப்படித்தான். தமிழில் படிக்கக் கைதடியில் நஃபீல்ட் பள்ளி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அது யாழ்ப்பாணம், அப்போது யுத்தம், ஏ9 பாதை மூடிக் கிடந்தது. கடைசியில் சிங்கள மொழிமூலப் பள்ளியொன்றில் விடுதியில் விட்டோம். அங்கே அவனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள், கையால் பேசுகிற முழுமையான ஒரு மொழி கிடைத்தது. அவன் வாழ்க்கையிலேயே மிக நல்ல காலம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. லீவுக்கு வந்தபோது அவன் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்து நாங்கள் வாயடைத்து நின்றோம். ஆனால் அவன் விரலில் எழுதியது சிங்கள எழுத்து. அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தன் பெயரை அவன் எங்களுக்கு எழுதிக் காட்டிக்கொண்டே இருந்தான், எங்களில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. இரண்டு வருசத்தில் அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டு வருமானம் சுருங்கியதும் அவன் லயத்துக்குத் திரும்பிவிட்டான். சேர்ந்து பேச ஆளில்லாமல் அந்த வேகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

இதையெல்லாம் யார் மேலும் குற்றம் சொல்ல எழுதவில்லை. காது பார்த்த டொக்டர் தன் வேலையைச் செய்தார். கருவி தந்தவர்களும், டீச்சர்மாரும், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரும் அப்படித்தான். ஒருவர் எழுதிய துண்டை அடுத்தவரிடம் கொண்டு போனது அம்மா. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் வருசக்கணக்காக யோசித்து வந்து நிற்கிற இடம் இதுதான்: எங்களுக்கு இல்லாமல் போனது இந்தத் துண்டுகளைக் கோர்க்கிற ஒரு ஆள். அவுஸ்திரேலியாவில் 2013 இல் தொடங்கிய தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டத்தில் அந்த வேலைக்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது, ஆதரவு இணைப்பாளர் என்று. எங்கள் தோட்டங்களில் அதைச் செய்வது அம்மாமார், அக்காமார். பள்ளிக்கூடத்தை விட்டு, பேரை விட்டு, அவர்கள்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். கல்யாணம் ஆகிப் போனாலோ, கண் மூடினாலோ, அந்தக் கோர்வை அவர்களோடேயே அறுந்துபோகிறது.

கூடப் போகிற ஆளுக்கும் பயிற்சி வேண்டும் என்பதை நான் என் பிழையில்தான் கற்றேன். 2009 இல் தம்பிக்குக் கடுமையான வயிற்று வலி. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், நானும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னேன். எத்தனை நாளாக வலி? இரண்டு நாள். வாந்தி? இல்லை. கட்டிலில் கிடந்தவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். "கொஞ்சம் பொறு" என்று சைகை காட்டிவிட்டு நான் பேச்சைத் தொடர்ந்தேன். டொக்டர் நகர்ந்த பிறகுதான் திரும்பினேன். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். ஐந்து நாள். மலையில் வேலை செய்யும்போதே இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான், வீட்டில் சொல்லவில்லை. ஓடிப் போய் டொக்டரைத் திரும்பக் கூட்டிவந்தேன். அன்றிரவே ஒப்பரேஷன், குடல்வால். உயிரோடிருந்த ஒருவனின் உடம்பைப் பற்றி அவனிடம் கேட்காமலே நான் பதில் சொல்லியிருக்கிறேன். அவன் மொழி தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான், அந்த நானே அவனைப் பேச விடவில்லை. அதை நினைக்கும்போது இன்றைக்கும் உடம்பு நடுங்கும்.

அதனால் இப்போது யாரோடு போனாலும் எனக்கு நானே வைத்திருக்கிற சட்டம் ஒன்று உண்டு. கேள்வி என்னிடம் வந்தால் அதை முதலில் அவர்கள் பக்கம் திருப்புவேன். அவர்களுடைய பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி.

2014 இல் சம்பளம் போடக் கணக்குத் திறக்க ஒரு வங்கிக்குப் போனோம். வங்கியின் பெயர் வேண்டாம். "இவர் வாய் பேசாதவர்தானே, நீங்களே பாதுகாவலராகக் கையெழுத்துப் போடுங்க" என்றார் உத்தியோகத்தர், நல்ல மனசோடுதான். தம்பிக்கு அப்போது 24 வயது, அடையாள அட்டை இருக்கிறது, தன் பெயரை அழகாகக் கையெழுத்திடுவான். நான் மறுத்துவிட்டேன். ஒருமணி நேரம் நின்றோம். மனேஜர் வந்து, விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் நான் சைகையில் கேட்க, அவன் பதில் சொல்ல, அவனே கையெழுத்திட்டான். வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கிற 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அப்போதே இருந்தது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் உறுதிசெய்தது. அதன் 12 ஆம் உறுப்புரை, சொந்தப் பணத்தைத் தானே நிர்வகிக்கிற உரிமையை எழுத்திலேயே சொல்கிறது. அந்த உறுப்புரையைத் தமிழில் அச்செடுத்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். மூன்று தடவை எடுத்து நீட்டியிருக்கிறேன்.

எண்ணிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 3 இலட்சத்து 89 ஆயிரம் பேருக்குக் கேட்பதில் சிரமம், 1 இலட்சத்து 80 ஆயிரம் பேருக்குப் பிறரோடு தொடர்பாடுவதில் சிரமம் என்று வந்தது. கணக்கெடுக்க வந்தவரிடம் எங்கள் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அவனுக்கு என்னங்கையா கொற, எல்லா வேலையும் செய்வான்." பெற்றவள் பெருமையாகச் சொன்னதைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த 3 இலட்சத்து 89 ஆயிரத்தில் தம்பி இல்லை.

எல்லா வேலையும் செய்வான் என்பது பொய்யில்லை. தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து வெட்டில் அவன் கைக்கு ஈடு அந்த டிவிசனில் குறைவு. ஆனால் மலையில் காது ரொம்ப அவசியம். குளவிக் கூடு கலைந்தால் யாராவது ஒருவர் "குளவி!" என்று கத்துவார், எல்லோரும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். 2010 இல் அப்படி எல்லோரும் ஓடியபோது தம்பி மட்டும் குனிந்தபடி அடுத்த செடியை வெட்டிக்கொண்டிருந்தான். முகம் தெரியாத அளவுக்கு வீங்கி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் திரும்பி வேலைக்கு வந்த அன்று கங்காணி ஒரு ஏற்பாடு செய்தார். அவனை எப்போதும் நடு நிரையில் நிறுத்துவது. இடது நிரைக்காரர் ஏதாவது ஆபத்தென்றால் வெட்டிப் போட்ட கிளையொன்றை, ஒரு மிலாறை, எடுத்து அவன் முதுகில் எறிவது. எறி விழுந்தால் கேள்வி கேட்காமல் அவர்கள் ஓடுகிற பக்கம் ஓட வேண்டும். யாரும் திட்டம் போட்டு, கூட்டம் வைத்து, பயிற்சி கொடுத்துச் செய்ததில்லை. ஆனால் ஆதரவு இணைப்பு என்று இன்றைக்கு நான் படிக்கிற எதிலும் அந்தக் கங்காணியின் ஏற்பாட்டை விடத் தெளிவானதைப் பார்க்கவில்லை. அவனுக்கு எது எட்டவில்லை, யார் பக்கத்தில் இருக்கிறார், அவர் என்ன செய்ய வேண்டும், எல்லாமே அதில் இருந்தன.

2014 ஒக்டோபர் 29 அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது நான் வாழ்க்கைப்பட்ட பதுளை மாவட்டம். அன்று முழுக்க என் மனசு பொகவந்தலாவையில்தான் இருந்தது. எங்கள் லயத்துக்கு மேலேயும் மலைதான். ராத்திரியில் ஒலிபெருக்கியில் எச்சரித்தால் தம்பிக்கு யார் சொல்வார்கள்? அடுத்த கிழமையே போய், லயத்தில் நாலு வீட்டோடு பேசினேன். யார் அவன் கதவைத் திறந்து உள்ளே போவது, அவர் இல்லாவிட்டால் யார், டோர்ச்சை முகத்தில் அடிக்காமல் சுவரில் எத்தனை தரம் அடிப்பது என்று. போனை அதிர வைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கப் பழக்கினோம். கொப்பியில் மழைக்கு ஒரு பக்கம் சேர்த்தேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில்தான் தருகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். தம்பிக்கு எழுத்து வாசிக்க அவ்வளவாக வராது, நிறம் தெரியும், இலக்கம் தெரியும். மூன்று நிறத்தையும் பூசி, சிவப்புக்கு நேரே கோயில் மண்டபத்தின் படத்தை ஒட்டினேன். பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தோம்.

இப்போது நான் பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறில் ஆறு குடும்பங்களுக்குத் துணையாகப் போய்வருகிறேன். பேச்சுச் சிகிச்சைக்கான படிப்பு ராகம மருத்துவ பீடத்தில் 1997 இல் தொடங்கியது, ஆனாலும் மலையகத்தில் தமிழ் பேசும் சிகிச்சையாளர் ஒருவரிடம் திகதி கிடைப்பது பெரிய பாடு. கிடைத்த திகதியைத் தவறவிடாமல் பார்ப்பதே என் வேலையில் பாதி. மூளை வாதத்தோடு பிறந்த ஒரு பையன் கண்ணை மேலே தூக்கினால் "ஆமாம்". அது தெரியாமல் ஐந்து வருசம் அவனிடம் கேட்காமலே ஊட்டியிருக்கிறார்கள். அவனுக்குச் சோறு பிடிக்காது, ரொட்டிதான் பிடிக்கும்.

ஒரு பெரியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்குமாம். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. எதைக் கேட்டாலும் "அதான், அதான்" என்ற ஒரு சொல்தான் வரும். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டில் முடிவுகட்டி, அவருக்கு முன்னாலேயே அவர் தோட்டைப் பங்கு போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணில் நீர் வழிந்ததை நான் பார்த்தேன். மூளையில் சொல்லைத் தேடி எடுக்கிற இடம் அடிபட்டால் சொல் வராது, நினைவும் விளக்கமும் அப்படியே இருக்கலாம். பாட்டும் எண்ணும் வேறு வழியாக வரும் என்று சிகிச்சையாளர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாரியம்மன் தாலாட்டை மெதுவாகத் தொடங்கினேன். இரண்டாவது அடியில் பெரியம்மா சேர்ந்துகொண்டார், சொல் பிசகாமல். மருமகள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கே ஒரு மட்டையில் பிளேன்டீ, தண்ணீர், கக்கூஸ், வலி, மகன், கோயில் என்று படம் ஒட்டினோம். முதலில் அவர் விரல் வைத்தது எந்தப் படத்தில் என்று கேட்டால், ஒன்றிலுமில்லை. தன் காதில் வைத்தார், தோடு இருந்த இடத்தில். மருமகள் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து தோட்டை எடுத்துவந்து போட்டுவிட்டாள்.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வட்சப் வீடியோவில் தம்பியோடு கிழமைக்கு இரண்டு தடவை பேசுகிறேன்தான். அவர்கள் மலையில் சிக்னல் கிடைப்பது பத்தாம் நம்பர் மலையின் ஒரு கல்லின் மேல் மட்டும், அதுவும் மூட்டம் இல்லாவிட்டால். நேரில் பார்க்கிற மாதிரி வராது. அம்மா இப்போது நடை தளர்ந்து வீட்டோடு இருக்கிறாள். மூலைக் காம்பரா வாசலில் தம்பி கவ்வாத்துக்காரப் பையன்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சடையை முன்னுக்கு இழுத்துப் போட்டான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி இடது கை விரல்களை வலது கையால் மடக்கி, விட்டு, உதட்டருகே கொண்டுபோனான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு அது விளங்கவில்லை. கொப்பியில் அப்படியொரு சைகை இல்லை.

கங்காணியின் பேத்தி, எட்டு வயதிருக்கும், என் சேலையைத் தொட்டு, "அது தெரியாதா அத்தை?" என்றாள். "ஸ்டோருக்குப் புதுசா வந்த டீமேக்கர் ஐயா. கொழுந்தக் கசக்கிக் கசக்கி மோந்து பாப்பாருல்ல, அதுதான்." தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் அவனிடம் திரும்பி, நான் பார்த்திராத வேகத்தில் கையால் ஏதோ சொன்னாள். அவன் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து கொப்பியை எடுத்துவந்தான். அட்டை கிழிந்து பசை நாடா ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கங்கள் வேறொருவர் கையெழுத்தில் நிறைந்திருந்தன. வெறுமையாகக் கிடந்த ஒரு பக்கத்தைப் பிரித்து, பேனையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தான். அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வரையத் தொடங்கினாள்.